நல்லசாமிக்கு வந்த உத்தரவு

மேட்டுத் தோட்டத்தில் நல்லசாமி செத்துப்போனது தெரியாத ஆள் கிடையாது. ஆபீஸில் இருக்கும் ரிஜிஸ்டர் ஒன்றுக்குத்தான் தெரியாது. அதில் அவர் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார். மாதம் தவறாமல் அரிசி வாங்குகிறார்.

சென்ற வாரம் படித்துவிட்டுச் சிலர் முத்தாயியின் மேல் கோபப்பட்டிருப்பீர்கள். கட்டின புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அவன் பேரில் அரிசி வாங்கித் தின்கிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று. கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கையும் உப்பில்லாத கீரையையும் தின்று கால் வீங்கிக் கிடந்தவர்களிடம் போய் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தெம்பு இருந்தால் பதில் சொல்வார்கள்.

அவளும் சும்மா வாங்கவில்லை. நல்லசாமிக்குத் தப்பு அடிக்கவில்லை, கருமாதி செய்யவில்லை. ஒப்பாரி வைத்தால் ஆபீஸுக்குக் கேட்கும் என்று முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். தாலி கழுத்திலேயே கிடந்தது. அரிசி போடும் நாளில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, "அவுங்களுக்கு மேலுக்கு முடியல, நான் வாங்கிக்கிறேன்" என்று வரிசையில் நிற்பாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அந்தக் குங்குமத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கத்துக்கும் விஷயம் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஆபீஸ் முழுக்க அவர் கையில்தான். நல்லசாமியைப் புதைத்த அன்றே, "சாவை எழுதி விடட்டே?" என்று கேட்டார். முத்தாயியின் பெருவிரல் ரேகை ஒன்று போதும், வேலை முடிந்திருக்கும். "இந்த மாசம் மட்டும் போவட்டும்யா" என்றாள். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னாள். நல்லசாமியின் அரிசியில் ஒரு பங்கு கிராணி வீட்டு அடுப்புக்கும் போனதால் பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து, ரிஜிஸ்டரை வாங்கி வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் டிக் போட்டான். அங்கேதான் நிறுத்தியிருந்தேன். அந்த டிக் எதற்கு என்பது இன்று காலைப் பெரட்டில் தெரிந்தது.

முன்பெல்லாம் விடிவதற்குள் ஆட்களை ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். அதுதான் பெரட்டு. இப்போது ரப்பர் பால் வெட்டு நின்றுபோய், எல்லாரும் கிழங்குக் காட்டைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். பெரட்டுக்குக் கூப்பிட்டாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். முத்தாயியும் மகன் அர்ச்சுனனும் மருமகள் பஞ்சாலையும் ஒன்றாக நின்றார்கள். அர்ச்சுனனுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை.

கங்காணி முனியாண்டி காகிதத்தைப் பிரித்தார்.

"சயாமுல ரயில் ரோடு போடறாங்களாம். ஒரு வூட்டுல ரெண்டு ஆம்பள இருந்தா ஒருத்தர் போவணும். ஒரே ஆம்பள இருக்குற வூட்டத் தொடமாட்டாங்க. மூணு மாசந்தான்னு சொல்றாங்க. மத்தியானம் லோரி வரும். பேரக் கேட்டுக்குங்க."

மூன்று மாதம் என்பதை ஒருவரும் நம்பவில்லை. முன்னால் போனவர்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். அவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வந்த பாடில்லை.

அர்ச்சுனன் மட்டும் மூச்சை இழுத்து விட்டான். அப்பா இல்லை. வீட்டில் ஆம்பிளை என்று தான் ஒருவன்தான். பஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தான். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும், கண்ணில் ஒரு தெளிச்சி வந்தது. பாவம், இரண்டு பேரும் சின்னஞ்சிறுசுகள். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"நல்லசாமி!"

கங்காணி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. புதைத்தபோது ஒரு கை மண் அள்ளிப் போட்டவர் அவர். அடுத்த பேருக்குப் போனார்.

பெரட்டு கலைந்ததும் முத்தாயி நேரே ஆபீஸுக்குள் போய் நின்றாள்.

"அய்யா, உண்மையச் சொல்லிடறேன். அவுங்க போய்ச் சேந்துட்டாங்க, நாந்தான் அரிசிக்காவ மறச்சேன்னு. என்னா அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

கிராணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அவர் முகம் ஏற்கெனவே வெளுத்துத்தான் இருந்தது.

"உனக்கென்ன விசரே முத்தாயி? அடி உனக்கு மட்டும்தான் விழும் எண்டு நினைக்கிறியே? மாதாமாதம் நல்லசாமிக்கு அரிசி குடுத்தாச்சு எண்டு கையெழுத்து வைச்சது ஆர்? நான். ரந்தாவ் பாசாரிலை ஒருத்தனைக் கம்பத்திலை கட்டி வெயில்லை விட்டவங்கள், நீயும் பார்த்தனிதானே. அவன் செய்ததும் இதுதான். இல்லாத ஆள் பேரிலை அரிசி வாங்கினது."

"அப்ப நேத்து ராத்திரி செத்துட்டாங்கன்னு எழுதுங்களேன்."

"சயாமுக்கு உத்தரவு வந்த அண்டைக்குப் பார்த்துச் செத்துப்போற ஆக்கள் நிறையப் பேர் எண்டு அவனுக்கும் தெரியும். குழியைத் தோண்டு, பிணத்தைக் காட்டு எண்டுவான். போன மழைக்குப் புதைச்ச பிணத்தையே காட்டப்போறாய்?"

"சீக்கா கெடக்காங்கன்னு..."

"பக்கத்துத் தோட்டத்திலை சீக்கெண்டு கிடந்தவனைப் பாயோடை தூக்கி லொறியிலை போட்டவங்கள். இஞ்சையும் வீட்டுக்கு வந்து பார்ப்பான்."

எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது. நல்லசாமி பேருக்கு ஓர் ஆள் லோரியில் ஏறித்தான் ஆக வேண்டும், வீட்டில் இருப்பது அர்ச்சுனன் ஒருவன்தான். முத்தாயி கடைசியாக ஒன்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அவுங்க பேரு புஸ்தகத்துல இல்லாம இருந்திருந்தா?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லாமல் இருந்தால் உன்ரை வீட்டிலை ஒரே ஆம்பிளை. அவன் உங்கடை பக்கமே பார்த்திருக்க மாட்டான்."

முத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் எலும்பும் தோலுமாகப் போகிறான் என்று பயந்துதானே செத்தவர் பேரில் அரிசி வாங்கினாள்? முதல் மாதம் அந்த அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி அவனுக்குத்தான் ஊற்றினாள். அதே அரிசி இன்று அவனைக் கொண்டுபோகிறது. தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

"நான் போறேன்."

வாசலில் அர்ச்சுனன் நின்றான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"எந்தப் பேரிலை?" என்றார் கிராணி.

"எம் பேருலயே போறேன். அப்பாவுக்குப் பதிலா மகன் வர்றான்னு சொல்லுங்க."

"உத்தரவு நல்லசாமிக்கு. நகல் சிரம்பானிலை அவங்கடை ஆபீஸிலை இருக்கு. ஆள் மாறினால் ஏன் எண்டு கேட்பான், அப்பனைக் கொண்டா பார்ப்பம் எண்டுவான். திரும்பவும் அதே இடத்திலைதான் வந்து நிப்பம்."

அர்ச்சுனன் படி தாண்டி உள்ளே வந்தான்.

"அப்ப அப்பா பேருல போறேன். நல்லசாமின்னு கூப்புட்டா நான் ஏறிக்கிறேன்."

"டேய்!" என்று முத்தாயி அவன் காலைப் பிடித்தாள்.

"விடும்மா. வேற என்னா வழி இருக்குன்னு நீயே சொல்லு."

"ரிஜிஸ்டரிலை வயசு கூட இருக்கு," என்று கிராணி முணுமுணுத்தார். "பரவாயில்லை. அவங்கள் வயசு பாராங்கள். தலையைத்தான் எண்ணுவாங்கள்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. தன் கழுத்து தப்பியது என்ற நிம்மதி. எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பிள்ளைகளும் அந்த அரிசியைத்தான் தின்றார்கள்.

லயத்து வீட்டில் பஞ்சாலை பானையைக் கவிழ்த்து இருந்த அரிசி அத்தனையையும் உலையில் போட்டுவிட்டாள். அர்ச்சுனன் சொன்னதைக் கேட்டபோது அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"ஓடிடலாம் வாங்க. கோலா கிளாவாங் பக்கம் மலைக்காடுன்னு சொல்றாங்கல்ல. அங்க போயிட்டா எவன் தேடுவான்?"

"அம்மாவக் கட்டி வெச்சுத் தேடுவான்."

"அத்தையும் வரட்டும்."

"வீங்குன காலோட அவங்க மலையேறுவாங்களா? யோசிச்சுப் பேசு பஞ்சாலை."

அவள் அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் பட்டது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

"அந்த அரிசிய நானுந்தான் தின்னேன்," என்றாள். "அத்தைய மட்டும் சொல்ல எனக்கு வாய் இல்ல."

அர்ச்சுனன் அவள் பக்கத்தில் குந்தினான்.

"பஞ்சாலை, லோரி வர்றப்ப நீ முன்னால வராத. அங்க போறது நல்லசாமி. நீ நல்லசாமிக்கு மருமக. மாமனாரு போற மாதிரி நில்லு."

"மாமனாரு போனா எப்படிங்க அழுவறது?"

"முக்காடு போட்டுக்கிட்டுப் பின்னால நில்லு. சத்தம் போடாத. அவ்வளவுதான்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்க உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

இதற்குப் பதில் அவனிடம் இருந்தது. காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சுன்னா நல்லசாமி செத்துட்டான்னு ஆபீஸுக்குச் சேதி வரும். அந்தப் பேரு முன்னாலயே செத்துப்போன பேரு. இந்தத் தடவ செத்தது நாந்தான்னு நீங்க ரெண்டு பேரும் புரிஞ்சுக்குங்க."

பஞ்சாலை அவன் வாயைப் பொத்தினாள். அவன் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். சோறு குழைந்து அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் இருவரும் எழவில்லை.

முத்தாயி வீட்டுக்குள் வரவே இல்லை. வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு சாக்கைப் பிரித்து மகனுக்குச் சட்டை மாதிரி ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அளக்க அவனைக் கூப்பிட்டபோது மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

லோரி மத்தியானம் சொன்னபடி வந்தது. அதிகாரி முன் சீட்டில் உட்கார்ந்தே இருந்தான். இறங்கியவன் அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் ஒரு துபாஷி. தமிழ் பேசுகிற ஆள்தான், பட்டாளத் தொப்பி வைத்திருந்தான். அந்தத் தொப்பி வந்ததும் அவனுக்குத் தமிழர்களைப் பார்த்துச் சிரிக்கிற உரிமையும் வந்துவிட்டதாக நினைப்பு.

"பேரு கூப்புட்டா ஏறணும். ஆள் ஏறுனதும் அவன் பொண்டாட்டி வந்து ரேகை வெக்கணும். குடும்பத்துக்குப் படி குடுக்க. ரேகை இல்லன்னா படி இல்ல. புரியுதா?"

கிராணியும் கங்காணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

பேர்கள் வந்தன. ஆட்கள் ஏறினார்கள். பெண்கள் வந்து மையில் விரலைத் தோய்த்து வைத்துவிட்டு, லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள்.

"நல்லசாமி!"

"இருக்கேன்," என்று அர்ச்சுனன் சாக்குச் சட்டையோடு ஏறினான்.

தோட்டம் மொத்தமும் அங்கே நின்றது. அவனைத் தூக்கி வளர்த்தவர்கள், அவனோடு கோலி விளையாடியவர்கள், அவன் அப்பாவுக்குக் குழி வெட்டியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அந்த ஒரு காரியத்தில் மேட்டுத் தோட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"நல்லசாமி பொண்டாட்டி யாரு?"

பஞ்சாலையின் கால் தானாக ஓரடி முன்னால் வந்துவிட்டது. கங்காணி குறுக்கே வந்து மறைத்து நின்றார்; ரிஜிஸ்டரில் நல்லசாமிக்குப் பெண்டாட்டி முத்தாயிதான். அதற்குள் முத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அரிசி நாளில் வைக்கிற அதே குங்குமம் நெற்றியில் இருந்தது. தாலியை எடுத்து ரவிக்கைக்கு மேலே போட்டிருந்தாள். பெற்ற பிள்ளைக்குப் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு, ஊர் பார்க்க, லோரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

துபாஷி அவளைப் பார்த்தான். மேலே அர்ச்சுனனைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னடா இது, ஒனக்கு ஆத்தா மாதிரில்ல இருக்கா?"

அர்ச்சுனன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. முத்தாயிதான் பேசினாள்.

"நான் மொறப் பொண்ணுங்க. வயசுல மூத்தவ. மொற விட்டுப் போவக்கூடாதுன்னு பெரியவங்க கட்டி வெச்சாங்க."

"அது சரி. புருஷன் பேரச் சொல்லு."

கட்டினவன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அந்த லயத்துப் பெண்களுக்கு இல்லை. அவசியம் வந்தால் பக்கத்தில் நிற்கும் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அன்றும் அப்படித்தான், கங்காணி, "நல்லசாமிங்க" என்றார்.

"ஒன்னக் கேட்டனா? அவ சொல்லட்டும்."

முத்தாயி லோரியின் மேலே பார்த்தாள். மகனும் அப்போதுதான் அவளைப் பார்த்தான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி.

"நல்லசாமி," என்றாள்.

அத்தனை வருஷம் குடித்தனம் செய்து ஒரு தரம்கூடச் சொல்லாத பேர். முதல் தரம் சொன்னபோது கேட்க அவர் இல்லை, பிள்ளை கேட்டான். முத்தாயிக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நிமிஷமே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. துபாஷி அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தான்.

லோரி கிளம்பியது. மற்றப் பெண்கள் புருஷனை, அண்ணனைச் சொல்லி அழுதுகொண்டு பின்னால் ஓடினார்கள். முத்தாயியால் "மகனே" என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. துபாஷி பின் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனான். பஞ்சாலை முக்காட்டுக்குள் கடைசியில் நின்றாள், மாமனார் போகிற மாதிரி.

வீட்டுக்குப் போய் விழுந்து அழலாம் என்று இருவரும் திரும்பும்போது ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. கிராணி கூப்பிடுகிறாராம்.

"இருங்கோ," என்றார் கிராணி. அவர் எந்த நாளும் கூலிக்காரப் பெண்களை உட்காரச் சொன்னதில்லை. "நாளையிண்டைக்கு அந்த அதிகாரி திரும்ப வாறான். மிச்சம் இருக்கிற ஆம்பிளையளை வரிசையிலை விட்டுத் தலை எண்ணப்போறானாம். போகேக்குள்ளைதான் துபாஷி சொன்னவன். அர்ச்சுனன் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

முத்தாயிக்குப் புரியவில்லை. "அவந்தான் போயிட்டானேய்யா."

"போனது நல்லசாமி. புத்தகத்திலை அர்ச்சுனன் இஞ்சைதான் நிக்கிறான்."

காலையிலிருந்து பட்டதெல்லாம் போதாதென்று இது வேறு.

"ஓடிட்டான் எண்டு சொன்னால், ஓடினவன்ரை பெண்சாதியைத்தான் முதல்லை பிடிச்சுக்கொண்டு போவாங்கள்." அவர் பஞ்சாலையைப் பார்க்காமல் பேசினார். "இன்னொரு வழிதான் இருக்கு. செத்திட்டான் எண்டு எழுதலாம். உத்தரவு வந்த பேர் செத்தால்தான் குழியைத் தோண்டுவான். உத்தரவு இல்லாத பேர் காய்ச்சலிலை செத்தால் ஆர் பார்க்கிறது? தோட்டத்திலை கிழமைக்கு ரெண்டு பேர் போகினம்தானே."

"உசிரோட போன புள்ளையையா?" என்றாள் முத்தாயி.

"இந்த முறை நேரத்தோடை எழுதுவம், முத்தாயி. பிந்தினால் என்ன நடக்கும் எண்டு பார்த்திட்டாய்தானே."

முத்தாயி மருமகளைப் பார்த்தாள். ரந்தாவ் பாசாரில் கம்பத்தில் கட்டியிருந்தவனின் முதுகு அவள் கண்முன் வந்தது. அந்த இடத்தில் இந்தப் பெண்ணை வைத்து நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எழுதுங்கய்யா," என்றாள்.

"அத்த!"

பஞ்சாலை இத்தனை நேரம் சுவரோடு சுவராக நின்றவள், மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"செத்துட்டாருன்னு எழுதிட்டா, அவரு திரும்பி வந்து தான் யாருன்னு சொல்லிக்குவாரு? நல்லசாமின்னு சொல்ல முடியாது. அர்ச்சுனன்னும் சொல்ல முடியாது. எந்தப் பேருல வந்து நிப்பாரு?"

கிராணி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"முந்திப் போன ஆக்களிலை ஒருத்தராவது திரும்பி வந்தவையே, பிள்ளை?"

கொடுமைக்காக அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோல வேகமாகச் சொன்னார்.

"அவன் வந்து பார்க்கேக்கை நீ பொட்டோடை நிக்கக் கூடாது. கழுத்திலையும் ஒண்டும் இருக்கக் கூடாது. முத்தாயி, நீ இப்ப இருக்கிற மாதிரியே இரு. உன்ரை புருஷன் சயாமிலை இருக்கிறான்."

பஞ்சாலையின் கை கழுத்துக்குப் போனது. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமியாரைப் பார்த்தாள். அவள் தடுப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. முத்தாயி விரலில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சாலை படியிறங்கிப் போனாள். லயத்துப் பக்கம் போகவில்லை. லோரி போன பாதையில், தோட்டத்துக் கேட்டைத் தாண்டி, ரந்தாவ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"பஞ்சாலை! ஏ பஞ்சாலை!" என்று முத்தாயி எழுந்தாள்.

"பொறு. ரேகையை வைச்சிட்டுப் போ," என்றார் கிராணி. அவர் ரிஜிஸ்டரைப் பிரித்து, அர்ச்சுனன் பேர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பேனாவை மையில் தொட்டிருந்தார். "என்ன வருத்தத்திலை செத்தவன் எண்டு போடட்டும்?"

முத்தாயி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். மருமகளின் தலை ரப்பர் மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தது. மேசைப் பக்கம் திரும்பினாள்.

"காய்ச்சல்னு போடுங்கய்யா. அவங்கப்பாவுக்கு வந்ததுதான். ரா முழுக்கத் தண்ணி தண்ணின்னு கேட்டாங்க. விடியறப்போ எங்கையப் புடிச்சிக்கிட்டாங்க, அப்புறம் அந்தக் கை சில்லுன்னு ஆயிருச்சு. யாருகிட்டயும் நான் இதச் சொன்னதில்ல. அதையே எழுதிக்குங்க."